குடிதண்ணீரும் சாக்கடையும்

(வாசுதேவநல்லூர்ப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று இங்கு நாம் பேசவேண்டுமென்று கேட்டுக்கொள்ளப்பட்ட விஷயம், சர்க்கார் மானியத்தைப் பெற்று ஊர்க் குடிதண்ணீரையும் ஊர்ச் சாக்கடையையும் எப்படிச் சீர்ப்படுத்திக்கொள்வது என்பதாகும். சுயமரியாதைக்காரர் கூட்டமென்றால் சாமியைத் திட்டுவார்கள், புராணத்தைக் கிழிப்பார்கள் என்று எதிர்பார்த்து வந்திருக்கும் தோழர்களுக்கு இந்தத் தலைப்பு சப்பென்று இருக்கலாம். அதோ தூரத்தில் நின்றுகொண்டு கேட்கும் ஆஸ்திகத் தோழர்களும் இன்றைக்குத் தப்பினோம் என்று நினைத்திருக்கலாம். இரண்டு கட்சியாரும் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டுகிறோம். இந்த நாட்டில் சாக்கடையைப்பற்றிப் பேச ஆரம்பித்தால் சாமியும் சாதியும் தாமாகவே வந்து சேரும்; நாம் இழுத்துவர வேண்டியதில்லை. தவிரவும், இது நம் இயக்கத்துக்குச் சம்பந்தமில்லாத வேலையுமல்ல. பெரியார் அவர்கள் இயக்கம் காணும் முன்னமே ஈரோடு முனிசிபல் சேர்மனாக இருந்து காவிரித் தண்ணீரைக் குழாய் வழியாக ஊருக்குக் கொண்டுவரும் காரியத்தில் ஈடுபட்டவர்.

வழக்கம்போல் ஒன்று சொல்லிவிடுகிறோம். நாம் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பிவிட வேண்டாம். உங்கள் வீட்டுக் குழாயையும் உங்கள் தெருக் கால்வாயையும் சாட்சியாக வைத்துக்கொண்டு, சரி என்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

முதலாவது, மானியம் என்றால் என்ன? அந்தச் சொல் நம் ஜனங்களின் காதில் நெடுங்காலமாக விழுந்துவந்த அர்த்தம் வேறு. கோயில் மானியம், மட மானியம், சத்திர மானியம், அக்கிரகார இனாம் என்று, அரசனோ ஜமீன்தாரனோ மனம் குளிர்ந்து கொடுத்ததற்கு மானியம் என்று பேர். அந்தப் பழக்கத்தினால் இன்றும் ஊருக்கு ஒரு குழாய் போட்டால் மந்திரியார் கொடுத்தார், மெம்பர் கொடுத்தார் என்று மாலை போடுகிறோம். தோழர்களே, அவர் எங்கிருந்து கொடுத்தார்? 2017-ம் வருஷம் ஜூலை மாதம் முதற்கொண்டு சரக்கு சேவை வரி என்று ஒன்று வந்திருக்கிறதே, அது பணக்காரன் வீட்டு வாசலில் மட்டும் வசூலாவதில்லை. எலுமிச்சங்காய் பறிக்கப் போகிற அம்மாள் குழந்தைக்கு ஒரு பிஸ்கட்டுப் பொட்டலம் வாங்கினால் அதிலும் இருக்கிறது. அப்படிப் போன பணத்தில் ஒரு பங்கு ஊருக்குத் திரும்பி வருவதற்குத்தான் மானியம் என்று பேர். நம் பணத்தை நமக்குக் கொடுப்பவனுக்கு நாம் ரசீது கொடுக்கலாம். கும்பிடு போட வேண்டியதில்லை.

அந்தப் பங்கு எவ்வளவு, எதற்கு என்பதும் மூடுமந்திரமல்ல. 15-வது நிதிக் கமிஷன் 2021 முதல் 2026 வரை நாடு முழுவதிலுமுள்ள உள்ளாட்சிகளுக்கென்று சொன்ன தொகை 4,36,361 கோடி ரூபாய். நம்முடையதைப் போன்ற ஊர்களுக்கு வரும் பங்கில் நூற்றுக்கு 30 குடிதண்ணீருக்கும், இன்னொரு 30 சுகாதாரத்துக்கும் தவிர வேறெதற்கும் செலவழிக்கக் கூடாதென்று கட்டியே வைத்தார்கள். ஆனால் இந்தப் பணம் வருவதற்கு நிபந்தனைகள் உண்டு. அவற்றில் ஒன்று, ஊருக்கு ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபை இருக்க வேண்டும் என்பது. இந்த மாகாணத்தில் நடந்த கூத்தைக் கேளுங்கள். 2011-ல் தேர்ந்தெடுத்த உள்ளாட்சி மெம்பர்களின் காலம் 2016 அக்டோபரோடு முடிந்தது. பேரூராட்சிகளுக்கும் முனிசிபாலிட்டிகளுக்கும் அடுத்த தேர்தல் நடந்தது 2022-ம் வருஷம் பிப்ரவரி 19-ந் தேதி! ஐந்து வருஷத்துக்கு மேலாகத் தனி அதிகாரிகள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சபை இல்லை என்று சொல்லி டில்லிக்காரர்களும் பணத்தை நிறுத்தினார்கள். உங்கள் ஊர்த் தேர் ஒரு வருஷம் ஓடாவிட்டால் தெய்வ குற்றம் என்று கலங்குகிறீர்கள். ஐந்து வருஷம் ஊர்ச் சபை ஓடவில்லையே, எத்தனைபேர் கலங்கினீர்கள்?

இன்னொரு வேடிக்கை. 2004-ல் நம் சர்க்கார் பெரும்பாலான பேரூராட்சிகளை ஒரே உத்தரவில் சிறப்பு கிராம ஊராட்சிகள் ஆக்கிற்று. ஏன்? கிராமம் என்று பேர் இருந்தால் கிராமத் திட்ட மானியம் கிடைக்கும் என்பதற்காக. 2006-ல் மறுபடியும் பேரூராட்சிகள் ஆக்கிவிட்டார்கள். ஊர் நகரவில்லை, தெரு நகரவில்லை, குளம் நகரவில்லை. போர்டு மட்டும் மாறிற்று. வேறு பேரில் போனால் வேறு வாசல் திறக்கும் என்ற இந்தச் சங்கதியைக் கேலிக்காக மட்டும் சொல்லவில்லை. எந்த வாசல் நமக்குரியது என்று தெரியாதவன் வரிசையில் நின்றும் வெறுங்கையோடுதான் திரும்புவான்.

2019-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி பிரதம மந்திரி செங்கோட்டையில் பேசிய ஜல் ஜீவன் திட்டம் கிராமங்களுக்கு. அதில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கு. வாசுதேவநல்லூர் பேரூராட்சி, ஆகையால் அந்த வாசல் நமக்கில்லை. நமக்குள்ளது 2021 அக்டோபரில் ஏற்படுத்திய அம்ருத் இரண்டாம் திட்டம். லட்சம் ஜனத்தொகைக்குக் குறைந்த ஊர்களுக்கு வேலைச் செலவில் சரிபாதியை மத்திய சர்க்கார் மானியமாகக் கொடுப்பது என்று அதில் ஏற்பாடு. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால், குடிதண்ணீர் வேலை எல்லா ஊர்களுக்கும் உண்டு. சாக்கடை வேலை பெரிய நகரங்களாகப் பொறுக்கி எடுத்த 500-க்கு மட்டுமே உண்டு. நம்மைப் போன்ற சிற்றூர்களின் கழிவுநீருக்கு, அதே மாதத்தில் வந்த தூய்மை இந்தியா நகர்ப்புற இரண்டாம் திட்டத்தில் தனியாக இடம் வைத்தார்கள். அதாவது தண்ணீர் உள்ளே வருவதற்கு ஒரு வாசல், வெளியே போவதற்கு வேறொரு வாசல். இரண்டுக்கும் தனித்தனி மனு, தனித்தனி குமாஸ்தா. முதல் வாசலில் கூட்டம் முண்டுகிறது. இரண்டாவது வாசலில் ஈ ஓட்டுகிறார்கள்.

நிற்க. சாக்கடை இல்லாவிட்டால் போகிறது, தண்ணீர் வந்தால் போதாதா என்று கேட்பீர்கள். இங்கேதான் நீங்கள் ஏமாந்துகொண்டிருக்கிறீர்கள். மத்திய சர்க்காரின் பொறியியல் துறையார் 1999-ல் வெளியிட்ட குடிதண்ணீர்க் கைநூலில், பாதாளச் சாக்கடை உள்ள அல்லது அமையப்போகிற ஊருக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்றும், குழாய் இருந்து சாக்கடை இல்லாத ஊருக்கு 70 லிட்டர் என்றும் அளவு போட்டிருக்கிறார்கள். ஏனென்றால் போகவழியில்லாத ஊருக்குள் தண்ணீரை விட்டால் அது தெருவில்தான் தேங்கும். உங்கள் பிளாஸ்டிக் குடக் கணக்கில் சொன்னால், சாக்கடை உள்ளவனுக்கு ஒன்பது குடம். இல்லாதவனுக்கு ஐந்து குடம்கூட நிறையவில்லை. ஆகையால் சாக்கடையைக் கேளாதவன் தண்ணீரிலும் பாதியை விட்டுக்கொடுத்தவனாகிறான்.

இன்னொரு கணக்கும் போட்டுப்பாருங்கள். வீட்டுக்குள் வந்த தண்ணீரில் நூற்றுக்கு 80 பங்கு அழுக்காகித் திரும்ப வெளியே வருகிறது என்பது பொறியாளர்களின் சாதாரணக் கணக்கு. நம் ஊரில் சுமார் 20,000 ஜனங்கள் என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு 70 லிட்டர் வந்தாலே தினம் 11 லட்சம் லிட்டருக்கு மேல் கழிவுநீர். 135 லிட்டர் வந்தால் 21 லட்சத்துக்கு மேல். இது எங்கே போகிறது? மேற்கே மலை, மலையிலிருந்து ஓடை, ஓடைத் தண்ணீரில் குளம், குளத்தை ஒட்டிக் கிணறு. சரிவோ கிழக்கே. போகிற வழியை நாம் சொல்லவேண்டியதில்லை. நீங்களே நடந்து போய்ப் பார்க்கலாம், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

1854-ல் லண்டனில் பிராட் தெரு என்ற இடத்தில் காலரா கண்டு ஜனங்கள் கொத்துக்கொத்தாய்ச் செத்தார்கள். ஜான் ஸ்நோ என்ற வைத்தியர் வீடு வீடாய்ப் போய், செத்தவர்கள் எந்தக் குழாயடியில் தண்ணீர் பிடித்தார்கள் என்று விசாரித்து, அந்த அடிகுழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். பிறகு பார்த்தபோது, பக்கத்து வீட்டு மலக்குழி ஒன்று அந்தக் கிணற்றை ஒட்டி ஒழுகிக்கொண்டிருந்தது தெரிந்தது. அந்தக் காலத்தில் நம் நாட்டில் அதே வியாதிக்கு என்ன செய்தோம்? மாரியாத்தாள் கோபம், காளியாத்தாள் கோபம் என்று கஞ்சி ஊற்றினோம், கிடாய் வெட்டினோம். வெள்ளைக்காரனுக்கும் மூக்கில் ஏறிய பிறகுதான் புத்தி வந்தது. 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் பார்லிமெண்டு மெம்பர்களையே உட்காரவிடாமல் அடித்தது. அந்த வருஷமே சட்டம் செய்து பணம் ஒதுக்கி, பிறகு சாக்கடை வெட்ட ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் 1972-ல் செய்த சட்டத்தில், ஊர்களின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் வேலைக்கு நூற்றுக்கு 75 பங்கு மத்திய மானியமாகக் கொடுத்தார்கள். அங்கே சாக்கடை என்பது ஊரார் எல்லோருடைய காரியம். இங்கே?

தோழர்களே, இங்கேதான் நாம் வந்து சேரவேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறோம். தண்ணீருக்குக் கூட்டம் கூடி, காலிக் குடத்தோடு ரோட்டை மறிக்கத் தெரிந்த நம் ஜனங்களுக்குச் சாக்கடைக்கு மறிக்கத் தோன்றாததற்குக் காரணம் என்ன? அது அவர்களுக்கு நாற்றம் தெரியாததினால் அல்ல. அதை அள்ளுவதற்கென்று ஒரு சாதியைப் பிறப்பித்து வைத்திருக்கிறார்கள் என்ற தைரியமேயாகும். அள்ள ஆள் இருக்கும்போது குழாய் எதற்கு, இயந்திரம் எதற்கு? இந்த நாட்டு வருணாசிரம தருமம் மற்ற நாட்டான் இரும்பாலும் சிமெண்டாலும் செய்த வேலையை மனிதனைக்கொண்டு செலவில்லாமல் செய்து காட்டிற்று! வாசுதேவநல்லூர் சட்டசபைக்குத் தாழ்த்தப்பட்டோருக்கென்று ஒதுக்கிய தனித்தொகுதி. நல்லதுதான். ஆனால் சாக்கடைக்குள் இறங்குவதும் இந்த நாட்டில் தனித்தொகுதியாகவே இருந்து வருகிறது. அதற்கு மட்டும் மேல்சாதிக்காரர் யாரும் போட்டி போடுவதில்லை, இடஒதுக்கீட்டால் தகுதி கெட்டது என்று கூச்சல் போடுவதுமில்லை.

நாம் ஒரு ஊருக்குப் பேசப் போயிருந்தோம். ஊர்ப் பேர் வேண்டாம். தங்கியிருந்த வீட்டுக்கு எதிர்வீட்டில் செப்டிக் டாங்கைத் திறந்திருந்தார்கள். லாரிக்காரன் உறிஞ்சினது போக அடியில் கெட்டிப்பட்டது நின்றுவிட்டது. வந்த ஒரு பையன் சட்டையைக் கழற்றினான். வீட்டுக்கார அம்மாள் சுத்தமான ஆசாரக்காரி. அவனுக்குத் தண்ணீர் கொடுப்பதற்குத் தனியாக ஒரு பழைய லோட்டாவைத் தேடிக்கொண்டிருந்தாள். அவன் இறங்கவிருக்கும் குழிக்குள் என்ன காற்று இருக்கிறதென்று தேடவில்லை. நாமும் உடனிருந்தவர்களும் போய்த் தடுத்துப் பேசியபோது அந்தப் பையன் நம்மைப் பார்த்துச் சொன்னது: “அண்ணாச்சி, நீங்க போயிருவீங்க. இன்னைக்குக் கூலி?” அதற்கு நம்மிடம் அப்போது பதில் இல்லை. கையில் இருந்ததைக் கொடுத்து அனுப்பினோம். கையில் இருந்ததைக் கொடுப்பது பதிலாகுமா?

அந்தக் குழிக்குள் இருப்பது பேயுமல்ல, விதியுமல்ல. மலம் அழுகுவதினால் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சுக்காற்றும் மீத்தேனும் தங்கி, மூச்சுவிடத் தக்க காற்று இல்லாமல் போகிறது. இறங்கினவன் மயங்கி விழுகிறான்; தூக்கப் போனவனும் விழுகிறான். அதனால்தான் ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று பத்திரிகையில் படிக்கிறோம். 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் அதைவிடக் கடுமையாக ஒரு சட்டம். பாதுகாப்புச் சாதனமில்லாமல் மனிதனைச் சாக்கடையிலோ செப்டிக் டாங்கிலோ இறக்குவது குற்றம். அப்படிச் செத்தவன் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்கவேண்டுமென்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கிற்று. சாவுக்கு விலை ஏறிக்கொண்டே போகிறது. சாவு நிற்கவில்லை. இப்படிச் செத்தவர்களின் சர்க்கார் கணக்கில் முன்வரிசையில் நிற்கும் மாகாணங்களில் நம்முடையதும் ஒன்று என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறோம்.

தண்ணீரிலாவது சாதி ஒழிந்ததா? பொதுக் குளத்திலும் கிணற்றிலும் தாழ்த்தப்பட்டோருக்கு உரிமை உண்டென்று 1924-ல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1927-ல் மஹாத் என்ற ஊரில் அம்பேத்கர் அவர்கள் ஆயிரக்கணக்கானவர்களோடு போய்ப் பொதுக்குளத்துத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தார். அதற்காக அடி விழுந்தது, குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். அதெல்லாம் பழங்கதை என்பீர்களானால், 2022 டிசம்பரில் புதுக்கோட்டைப் பக்கம் வேங்கைவயலில் ஆதிதிராவிடர் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்ததே, அதுவும் பழங்கதையா? அந்தத் தொட்டியும் சர்க்கார் பணத்தில் கட்டினதுதான். பணம் சிமெண்டை வாங்கிவிடுகிறது, புத்தியை வாங்கவில்லை. குழாய்த் தண்ணீருக்குச் சாதி தெரியாது, உண்மை. ஆனால் மெயின் குழாயை எந்தத் தெருவில் ஆரம்பித்து எந்தத் தெருவில் முடிப்பது என்று கோடு போடும் பென்சிலுக்குத் தெரியும். கடைசித் தெரு எது என்று போய்ப் பாருங்கள். அதற்கு முந்தின வீடுகளில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் அங்கே காற்றுத்தான் வரும்.

இந்த ஊரில் அர்த்தநாரீசுவரர் கோயில் இருக்கிறது. பாதி ஆணாம், பாதி பெண்ணாம். ஆணும் பெண்ணும் சமம் என்பதை எங்கள் மதம் அன்றே காட்டிற்று என்று பிரசங்கம் செய்கிறார்கள். சரி. அந்தத் தெருக்குழாயடியில் நிற்கிற குடங்களைப் போய் எண்ணுங்கள். அங்கே பாதி ஆண் உண்டா? சாமிக்குப் பாதி கொடுத்த ஆண்பிள்ளைகள் பெண்சாதியின் இடுப்பிலுள்ள குடத்தில் பாதியை வாங்கக் காணோம். இதைக் கேட்டு இந்தப் பக்கத்துத் தாய்மார்கள் சிரிக்கிறார்கள். சிரிப்பதோடு நிறுத்தவேண்டாம், இன்று வீட்டில் கேளுங்கள்.

மழைக்கும் நம் சர்க்காருக்கு ஒரு வழி தெரிந்தது. 2019 கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது அறநிலையத் துறை, கோயில்களில் வருண ஜபம் செய்யுங்கள், அமிர்தவர்ஷிணி ராகம் வாசியுங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பிற்று. அந்தக் கோடையிலேயே சென்னை ஏரிகள் வறண்டு, ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ராகத்துக்கு மழை வருமானால் குடிநீர் வடிகால் வாரியத்தை 1971-ல் ஏன் ஏற்படுத்தினார்கள்? ஒரு நாதசுர வித்துவானை நியமித்திருக்கலாமே! கங்கை சங்கதி இதைவிட மேல். பாவத்தைப் போக்கும் கங்கை என்பார்கள். அந்தக் கங்கையின் அழுக்கைப் போக்க நமாமி கங்கை என்று 20,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஒதுக்கியதை நாம் குறை சொல்லவில்லை. சாக்கடையைச் சுத்தம் செய்ய மந்திரம் உதவாது, பணமும் இயந்திரமுமே வேண்டும் என்பதைப் பக்தர்களே ஒப்புக்கொண்டார்கள் என்ற வகையில் நமக்குச் சந்தோஷம்தான்.

இனி, என்ன செய்யலாம் என்பது. ஊரெங்கும் பாதாளச் சாக்கடை தோண்டிவிட வேண்டுமென்று நாம் சொல்லவரவில்லை. சின்ன ஊருக்கு அது தாங்குமா என்பது யோசிக்கவேண்டியது. மானியம் கட்டுவதற்கு வருமேயன்றி, பிறகு மின்சாரச் செலவுக்கும் ரிப்பேருக்கும் ஆள் சம்பளத்துக்கும் வராது. கட்டிவிட்டுப் பூட்டிவைத்த தொட்டிகளை நாம் பல ஊர்களில் கண்டிருக்கிறோம். ஆனால் வேறு வழி உண்டு. செங்கற்பட்டுப் பக்கம் கருங்குழி என்பது நம்மைப்போல ஒரு பேரூராட்சிதான். அங்கே 2017-ல் மலக்கசடைச் சுத்திகரிக்கும் நிலையம் ஏற்படுத்தினார்கள். லாரிகள் செப்டிக் டாங்கில் உறிஞ்சினதை ஓடையில் கொட்டாமல் அங்கே கொண்டுபோய்க் கொட்டுகின்றன. பக்கத்து மதுராந்தகத்துக்கும் அதுவே பயன்படுகிறது. இப்படி இரண்டு மூன்று ஊர் சேர்ந்தால் செலவும் பங்காகும். 2022-ல் செய்த சட்டத் திருத்தப்படி இந்த லாரிகளுக்கு உரிமம் வேண்டும். ஆகவே நம் ஊர் லாரி ராத்திரியில் எங்கே போய்க் கொட்டுகிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கேட்கிறவன் செய்யவேண்டியதும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் நாம் யோக்கியனல்ல. தண்ணீர் வரியை வருஷக்கணக்காய் நிறுத்திவைத்துக்கொண்டு, மோட்டாரை மட்டும் நிறுத்தாதவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள். நமக்கு நாமே என்று சர்க்கார் திட்டம் ஒன்றுண்டு. ஊரார் மூன்றிலொரு பங்கு போட்டால் மற்றதைச் சர்க்கார் போடும்; நீர்நிலை வேலையானால் பாதிக்குப் பாதி. அதைச் சொன்னால், ஏழை ஊர், பணத்துக்கு எங்கே போவோம் என்கிறார்கள். கும்பாபிஷேகத்துக்கு வீட்டுக்கு இவ்வளவு, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, கொடாதவன் பேரைப் போர்டில் எழுதி வசூல் செய்கிறீர்களே, அப்போது இந்த ஊர் ஏழை ஊரல்லவா? கோபுரத்தின் மேல் குடம் குடமாய் ஊற்றும் தண்ணீருக்கு வசூல் செய்யத் தெரிந்த கமிட்டியார், கீழே நிற்பவன் குடத்துக்கு வசூல் செய்ய வேண்டாமா? ஆனால் கடைசித் தெருக்காரர்களிடம் மட்டும் இந்தப் பங்கைக் கேட்கவேண்டாம். அவர்கள் தலைமுறை தலைமுறையாய் உடம்பால் கட்டிய பங்கு மிச்சமிருக்கிறது.

நேரமாகிவிட்டது. அந்த மேஜைமேல் இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. ஒன்று, 2005-ம் வருஷத் தகவல் சட்டப்படி பேரூராட்சிக்குப் போகும் கேள்விகள்: குடிதண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவந்த மானியம் வருஷவாரியாக எவ்வளவு, அதில் எந்தத் தெருவுக்கு எவ்வளவு, கழிவுநீருக்கென்று இந்த ஊரிலிருந்து மனு எப்போது போனது, இந்த ஊரில் செப்டிக் டாங்க் எடுக்க உரிமம் பெற்ற லாரிகள் எத்தனை, அவை கொட்டும் இடம் எது. இதற்கு முப்பது நாளில் பதில் சொல்லியாகவேண்டும். மற்றது மனு: மனிதன் இறங்காமல் கழிவை எடுப்பதற்கு இயந்திரமும், கொட்டுவதற்கு நிலையமும், குழாய் வேலை கடைசித் தெருவிலிருந்து ஆரம்பிப்பதும் வேண்டுமென்று எழுதியிருக்கிறது. முதற் கையெழுத்தைக் கடைசித் தெருவிலிருந்து வந்திருக்கும் தாய்மார்கள் போடட்டும். பேனா தலைவரிடம் இருக்கிறது. அடுத்துப் பேசவிருக்கும் தோழருக்கு இடம் விட்டு உட்காருகிறோம்.